18 நாள், 11 ஊர், ஒரு தோழி

கேள்வி: எனக்கு 27 வயது. திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழியும் நானும், தீபாவளி விடுப்போடு இன்னும் சில நாள்களைச் சேர்த்துக்கொண்டு, முதுகுப் பையுடன் வியட்நாமைச் சுற்றிவரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். வடக்கே சாபாவில் தொடங்கித் தெற்கே சைகோன் (ஹோ சி மின் நகரம்) வரை, 18 நாளில் 11 ஊர்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். அவளுக்குப் பெங்களூரில் என்னைவிட இரண்டு மடங்கு சம்பளம். நான் சைவம், அவள் எல்லாம் சாப்பிடுவாள். ஹா ஜியாங் மலைப்பாதையில் பைக்கை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்ட வேண்டும், நான் பின்னால் உட்கார்ந்து வர வேண்டும் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று சொல்லவும் இல்லை. "சேர்ந்து ஊர் சுற்றப் போனால் சிநேகிதம் கெட்டுவிடும்" என்கிறாள் என் அக்கா. இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. எதை முதலில் யோசிக்க வேண்டும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே எழுதினீர்களே, அதுவே பெரிய ஆறுதல். 22 ஆண்டுகளாகப் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அப்போது என்னால் ஒட்டுப்போடத்தான் முடியும், வெட்டித் தைக்க முடியாது.

உங்கள் அக்கா சொன்னது முழுப் பொய் அல்ல. சேர்ந்து போய்விட்டுத் தனித்தனியாகத் திரும்பிவந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களில் எவரும் குணக்கேட்டினால் பிரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தூக்கமின்மை, பசி, வாய்விட்டுப் பேசாத பணக் கணக்கு ஆகிய மூன்றும் ஒரே நாளில் வந்து சேரும்போது, பத்து வருடப் பழக்கம்கூட ஒரு ஆட்டோ கட்டணத்தில் தடுக்கி விழுந்துவிடுகிறது. இந்த மூன்றில் முதல் இரண்டையும் நீங்கள் இருவரும் உங்கள் கையாலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள், அந்த 11 ஊர்ப் பட்டியலில். ஆகவே முதலில் யோசிக்க வேண்டியது பட்டியலைத்தான்.

11 ஊர் என்றால் 10 இடமாற்றம். வரைபடத்தில் அது பத்துக் கோடுகள். நடைமுறையில் அது என்ன என்பதற்கு ஒரே ஓர் இரவைச் சொல்கிறேன். ஹனோயின் பழைய நகரப் பகுதியில் இரவு ஒன்பது மணிக்குப் படுக்கைப் பேருந்துக்காகப் பையும் கையுமாக நடைபாதையில் நிற்பீர்கள். பேருந்து வந்ததும் படியிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டுவார்கள். செருப்பை அதில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே ஏற வேண்டும். மூன்று வரிசையாக, மேலும் கீழுமாக இரண்டு அடுக்குகளில் சாய்வுப் படுக்கைகள் இருக்கும். உங்கள் கால்கள் முன்படுக்கைக்காரரின் முதுகுக்கு அடியில் உள்ள ஒரு சின்னப் பெட்டிக்குள் நுழைந்துகொள்ளும். குளிர்சாதனக் காற்று முகத்திலேயே அடிக்கும், ஹாரன் ஓயாது, நடுவில் ஓரிடத்தில் விளக்கைப் போட்டு எல்லாரையும் எழுப்பிச் சாப்பிட இறக்குவார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் அருகே இறங்கினால், நீங்கள் எடுத்திருக்கும் அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். இதை ஒரு முறை செய்தால் ஊருக்குத் திரும்பிச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். 18 நாளில் ஐந்து முறை செய்தால், மூன்றாவது முறைக்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளும் தொனியே மாறிவிடும்.

அடுத்தது மாதம். தீபாவளியை ஒட்டிய நாள்கள் நமக்கு விடுப்புக்கு வசதி. ஆனால் நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே அக்டோபர், நவம்பரில்தான் வியட்நாமின் நடுப்பகுதிக் கடற்கரைக்கும் பெருமழை. ஹுவே, டா நாங், ஹோய் ஆன் மூன்றும் அந்தப் பட்டையில் இருக்கின்றன. ஹோய் ஆனின் பழைய தெருக்களில் ஆற்று நீர் ஏறிப் படகு விடுவது அந்த மாதங்களில் அங்கு உள்ளவர்களுக்குப் புதிதல்ல. வடக்கோ அப்போது மிக அழகாக இருக்கும். ஹா ஜியாங் மலைச்சரிவுகளில் இளஞ்சிவப்பாக ஒரு வகைத் தானியச் செடி பூப்பதும் அப்போதுதான். நாடு வடக்கு தெற்காக அவ்வளவு நீளம் என்பதால் மூன்று பகுதிக்கும் ஒருங்கே நல்ல வானிலை அமைவது அரிது. மார்ச் பிற்பாதியும் ஏப்ரலும் அதற்கு ஓரளவு பொருந்தும். ஹனோயில் மெல்லிய தூறல் இருக்கலாம், அவ்வளவுதான். ஏப்ரல் 30-ஆம் தேதியும் மே முதல் நாளும் அவர்களுக்குத் தேசிய விடுமுறை, ரயிலும் அறையும் கிடைக்காது, அதற்குள் முடித்துவிடுங்கள். ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும் தேத் என்னும் அவர்களுடைய புத்தாண்டு வாரத்தையும் தவிர்க்க வேண்டும். நம் ஊரில் பொங்கலுக்கு முந்தைய இரவு கோயம்பேட்டில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

மார்ச் மாதத்துக்கு மாற்ற முடியுமானால் என் ஆலோசனை இது. ஹனோயில் 3 நாள்; ஹா ஜியாங்குக்கு, போக வர உள்பட, 4 நாள்; ஹனோயிலிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர் தெற்கே, வயல்களுக்கு நடுவே சுண்ணாம்புக் குன்றுகள் எழுந்து நிற்கும் நின் பின்னில் 2 நாள்; அங்கிருந்து இரவு ரயிலில் ஹுவே, 2 நாள்; ஹோய் ஆனில் 4 நாள்; அருகிலுள்ள டா நாங்கிலிருந்து உள்நாட்டு விமானத்தில் சைகோன் சென்று கடைசி 3 நாள். 18 நாள், ஆறு ஊர். விமான டிக்கெட்டை ஹனோயில் இறங்கிச் சைகோனில் ஏறும்படி எடுங்கள். தொடங்கிய ஊருக்கே திரும்பிவரும் வீண் பயணம் மிச்சமாகும். சாபா, ஹா லாங், டா லாத், முய் நே எல்லாம் போய்விடுகிறதே என்று உங்கள் தோழி வருந்துவார். ஹா லாங்கின் நீருக்குள் நிற்கும் குன்றுகளை நின் பின் நிலத்தில் காட்டிவிடும். சாபாவின் மலையை ஹா ஜியாங் இன்னும் பெரிதாகக் காட்டும். மற்றவை அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.

தீபாவளியைவிட்டால் விடுப்பே இல்லை என்றால், நடுப்பகுதியை அடியோடு விட்டுவிட்டு வடக்கிலேயே இரண்டு வாரத்தைக் கழித்து, விமானத்தில் சைகோன் போய்த் திரும்புங்கள். மழையில் நனைந்த துணி காயாமல் பையில் நாறிக்கொண்டிருக்க, அறைக்குள் இருவரும் ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் அந்தத் தடம் 1,726 கிலோமீட்டர். 1936-இல் முழுமையடைந்து, போரில் துண்டு துண்டாகி, 1976-இன் இறுதியில் மீண்டும் இணைந்தது. அதில் முழுதும் போக வேண்டியதில்லை. நின் பின்னிலிருந்து ஹுவேக்கு நான்கு படுக்கை கொண்ட பெட்டியில் இரவுப் பயணம், பிறகு ஹுவேயிலிருந்து டா நாங்குக்குப் பகல் பயணம், இந்த இரண்டு போதும். இரண்டாவதில் ரயில் ஹாய் வான் கணவாயைச் சுற்றிக் கடலுக்கு மேலே ஊர்ந்து போகும். தெற்கு நோக்கிப் போகிறபோது கடல் இடப்பக்கம் வரும், இருக்கையை அதற்கேற்ப எடுங்கள்.

இனிப் பணம். உங்கள் கடிதத்தில் அரை வரியில் கடந்துபோன விஷயம் இதுதான். எனக்கோ இதுதான் முதன்மையாகப் படுகிறது. சம்பளம் இரண்டு மடங்கு என்பது பெங்களூரிலும் திருப்பூரிலும் இருக்கும்வரை உங்கள் இருவருக்கும் நடுவே வராது. ஒரே அறை, ஒரே மேசை, ஒரே டாக்சி என்று வரும்போது நாளுக்கு ஆறு முறை வரும். அவர் "பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன், விடு" என்பார். அன்பாகத்தான் சொல்வார். நான்காவது முறை சொல்லும்போது உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். பத்தாவது முறை, சொல்லாமல் விட்டாலும், அவருக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியிருக்கும். ஆகவே அறையின் தரத்தைக் குறைந்த வசதி உள்ளவர்தான் தீர்மானிக்க வேண்டும், அதாவது நீங்கள். வேண்டுமானால் பயணத்தில் இரண்டு இரவுகளை மட்டும் "நல்ல அறை" என்று இப்போதே குறித்து, அதற்கான பணத்தை நீங்களும் சமமாகச் சேமித்து வையுங்கள்.

என் மதிப்பில், விமானச் செலவும் ஹா ஜியாங் பைக் பயணத்தின் கட்டணமும் நீங்கலாக, சிக்கனமாகப் பயணம் செய்கிற இருவருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,500 முதல் 3,500 ரூபாய் வரை போதும். இதைச் சொல்லும்போதே இருவரும் ஒரே எண்ணை மனத்தில் வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் 2,500 என்றும் அவர் 6,000 என்றும் நினைத்துக்கொண்டு விமானம் ஏறுவதுதான் ஆபத்து.

நடைமுறைக்கு ஒரு பொதுப் பை வையுங்கள். ஜிப் வைத்த சின்னத் துணிப்பை போதும். ஆளுக்கு 15 லட்சம் டாங், நம் கணக்கில் சுமார் 5,000 ரூபாய், அதில் போடுங்கள். அறை, டாக்சி, தண்ணீர், சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் அதிலிருந்து. அவர் குடிக்கும் பீரும் நீங்கள் வாங்கும் துணியும் சொந்தப் பணத்திலிருந்து. காலியானதும் இருவரும் மீண்டும் சமமாகப் போட வேண்டும். ஊர் மாறும்போது பை கை மாறட்டும். கைப்பேசிச் செயலியில் யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதிவைப்பதும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, ஏனென்றால் அது கடைசி நாளில் ஒரு கடன் தொகையைக் காட்டும். பொதுப் பையில் கடன் என்று ஒன்று சேர்வதே இல்லை.

அந்தப் பையைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கை. வியட்நாமிய நோட்டுகளில் சுழிகள் அதிகம். சுமார் 300 டாங் ஒரு ரூபாய். கடைசி மூன்று சுழிகளை மறைத்துவிட்டு, மிச்சத்தை மூன்றே காலால் பெருக்கினால் ஏறக்குறைய ரூபாய்க் கணக்கு வந்துவிடும். 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின்னின் முகம், இரண்டும் வழவழப்பான பாலிமர் நோட்டுகள். இருட்டில் டாக்சிக்குள் உட்கார்ந்து எண்ணும்போது 65 ரூபாய்க்குப் பதிலாக 1,650 ரூபாயைக் கொடுத்துவிடுவது வெகு எளிது. 500,000 நோட்டுகளைப் பொதுப் பையில் வைக்காமல் தனியே பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் தோழி ஒருத்தியுடன் ஹுவேயில் இறங்கினேன். நல்ல வெயில் நேரம். முதலில் பார்த்த அறை எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த தெருவில் இதைவிட மலிவாகக் கிடைக்கும் என்றாள் அவள். முதுகில் 12 கிலோவைச் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரம் தெருத்தெருவாக நடந்தோம். கடைசியில் 30,000 டாங் குறைவாக ஒரு அறை எடுத்தோம். அன்றைய கணக்கில் 80 ரூபாய். அறைக்குள் போய்ப் படுத்தவர்கள் இரவுச் சாப்பாடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, அவள் அந்தப் பயணத்துக்காகக் கடன் வாங்கி வந்திருந்தாள். அதை என்னிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம். அவள் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்கமாட்டேன், நான் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். இன்றும் அவள்தான் என் நெருங்கிய தோழி என்பதால் இதை எழுதத் துணிகிறேன்.

ஹா ஜியாங்குக்கு வருவோம். உங்கள் பயம் நியாயமானது. அதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், சொல்வதற்கு வலுவான காரணமும் தருகிறேன். நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தரும் இன்டர்நேஷனல் லைசென்ஸ் 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின்படியான லைசென்ஸை. ஆகவே வாடகைக் கடைக்காரர் சாவியைச் சிரித்துக்கொண்டே நீட்டினாலும், சட்டத்தின் கண்ணில் உங்கள் தோழி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவர். போலீஸ் அபராதம் சின்ன விஷயம். செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடு பொதுவாகக் கைவிட்டுவிடும். பின்னால் உட்கார்ந்திருந்த உங்களுக்கும் சேர்த்துத்தான் சிக்கல் வரும். பாதை ஏறக்குறைய 350 கிலோமீட்டர் மலைச்சுற்று. மா பி லெங் கணவாயில் ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் வெகு கீழே நூல்போல ந்யோ க்வே ஆறு. பெங்களூர் நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டிய பழக்கம், எதிரே லாரி வரும் கொண்டை ஊசி வளைவில், பின்னால் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு ஓட்டப் போதாது.

அதற்காக ஹா ஜியாங்கை விட வேண்டாம். அந்த ஊரில் 'ஈஸி ரைடர்' என்றே ஒரு தொழில் இருக்கிறது: உள்ளூர் ஓட்டுநர் ஓட்டுவார், நீங்கள் பின்னால் உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம். இருவரும் தனித்தனி வண்டியில், தனித்தனி ஓட்டுநருடன் போவீர்கள். மூன்று நாள் வழியில் டோங் வான், மேயோ வாக் போன்ற மலையூர்களில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அந்தக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். ஓட்டுகிறவருக்குத் தார்ச்சாலை மட்டும்தான் தெரியும் என்பதை உங்கள் தோழியிடம் சொல்லிப்பாருங்கள். மலையைப் பார்ப்பவர் பின்னால் இருப்பவர்தான். அப்படியும் அவர் பிடிவாதமாக ஓட்டுவேன் என்றால், நீங்கள் ஈஸி ரைடருடனும் அவர் தனியாகவும் போவது அவருடைய முடிவு. ஆனால் அவருக்குப் பின்னால் நீங்கள் உட்காரக் கூடாது. இந்த ஒரு இடத்தில் நட்புக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாப்பாடு நீங்கள் நினைப்பதைவிட எளிது, சில நாள்களில் நினைப்பதைவிடக் கடினம். அங்கே சைவ உணவுக்கு 'சாய்' என்று பெயர், இந்தியில் டீக்குச் சொல்வதைப்போலவே ஒலிக்கும். 'ஆன் சாய்' என்றால் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். பௌத்தர்கள் பலர் அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியிலும் சைவம் சாப்பிடுவதால் எந்த ஊரிலும் சாய் கடை ஒன்றிரண்டு இருக்கும். ஹுவேயில் அது ஒரு சமையல் மரபாகவே வளர்ந்திருக்கிறது. சிக்கல் மற்றக் கடைகளில்தான்: வெறும் கீரை வதக்கல் என்று கேட்டாலும் மீன்சாறு விழுந்திருக்கும், காய்கறி மட்டும் போட்ட ஃபோ நூடுல்ஸ் என்றாலும் அடியில் இருப்பது எலும்புச் சாறு. "இறைச்சி, மீன், மீன்சாறு, எலும்புச் சாறு வேண்டாம்" என்று வியட்நாமிய மொழியில் எழுதிய வரியைக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொண்டு காட்டுங்கள். இதில் நட்பைச் சேர்ந்த பகுதி ஒன்று உண்டு. தினமும் இரண்டு வேளை உங்களுக்காகச் சைவக் கடை தேடி அலைந்தால் உங்கள் தோழிக்கு அலுக்கும். தினமும் அவர் தெருவோரம் சின்ன பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட, நீங்கள் வாழைப்பழத்தோடு பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு அலுக்கும். மதியம் ஆளுக்கொரு கடை, இரவு சேர்ந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கட்டும். பசியோடு இருக்கும்போது வழி, அறை, விலை எதைப் பற்றியும் முடிவெடுப்பதில்லை என்பதை ஒரு விதியாகவே நான் கடைப்பிடிக்கிறேன்.

பிரிந்து இருக்கும் நாளும் அதேபோல் முன்கூட்டியே குறிக்க வேண்டியது. விடுதி அறையில் நான்கு வருடம் ஒன்றாக இருந்தோமே என்பீர்கள். அங்கே வகுப்பு இருந்தது, வேறு தோழிகள் இருந்தார்கள். பயணத்தில் 24 மணி நேரமும் ஒருவருக்கு மற்றவர்தான். ஹோய் ஆனின் நான்கு நாளில் ஒரு நாளை முழுதாகப் பிரித்துவிடுங்கள். அவர் கடற்கரைக்குப் போகட்டும். நீங்கள் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மீ சோனுக்குப் போகலாம். 4-ஆம் நூற்றாண்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டுவரை பழைய சம்பா நாட்டை ஆண்ட சாம் அரசர்கள் எழுப்பிய செங்கல் சிவன் கோயில்கள் அங்கே மலைகளுக்கு நடுவே நிற்கின்றன. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் போய்விட்டது, மிச்சமே மலைக்க வைக்கும். மாலை ஆறு மணிக்கு ஹோய் ஆனில் உள்ள ஜப்பானியப் பாலத்தருகே சந்திப்பது என்று நேரத்தையும் இடத்தையும் குறித்து, கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். அன்று இரவு உங்கள் இருவரிடமும் ஒருவருக்கொருவர் சொல்ல ஏதாவது இருக்கும். முன்கூட்டியே குறிக்காமல் பன்னிரண்டாம் நாள் திடீரென்று "நான் இன்று தனியாகப் போகிறேன்" என்றால் அதே செயல் கோபமாகப் படும்.

மற்ற ஏற்பாடுகள் அவ்வளவு பேச்சுக்கு உரியவை அல்ல. இ-விசாவை வியட்நாம் அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், 90 நாள் வரை செல்லும். அரசுத் தளம்போலவே தோற்றம் காட்டிப் பல மடங்கு வாங்கும் தளங்கள் ஏராளம். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளுக்கே உரிய தலைவலி பெயர்தான்: சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும், சிலருக்கு இனிஷியல் விரிந்திருக்கும். விசாவிலும் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட்டில் எப்படி எழுதுவது என்பதை விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டு எடுங்கள். விண்ணப்பத்தில் எழுதிய விமான நிலையத்தின் வழியாகவே நுழையுங்கள்; விசாவை அச்செடுத்து இரண்டு நகல் வையுங்கள்.

பை 40 லிட்டருக்கு மேல் வேண்டாம். பல மலிவு விமானங்களில் கைப்பைக்கு வரம்பு 7 கிலோ. ஹனோயின் பழைய நகர வீடுகள் அகலம் குறைந்து உயரம் மிகுந்தவை. மலிவு விடுதிகளில் பலவற்றில் லிஃப்ட் இருக்காது, அறை ஐந்தாம் மாடியில் இருக்கும். பையை நிரப்பி மாட்டிக்கொண்டு உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு நான்கு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். எதை எடுத்து வெளியே வைப்பது என்று கால் சொல்லிவிடும்.

வீட்டில் உள்ளவர்களிடம் தங்குமிடப் பட்டியலும் காப்பீட்டு ஆவணத்தின் நகலும் இருக்கட்டும்; ஹனோயில் இந்தியத் தூதரகமும் சைகோனில் துணைத் தூதரகமும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவையுங்கள். இரண்டு பெண்களாகப் போவதைப் பற்றி அம்மாவுக்குக் கவலை இருக்கும். நான் அனுப்பிவைத்த பெண்கள் அங்கிருந்து கொண்டுவந்த குறை பெரும்பாலும் சாலையைப் பற்றியும் சைகோனில் பைக்கில் வந்து கைப்பேசியைப் பறிப்பவர்களைப் பற்றியும்தான். நடைபாதை ஓரத்தில் நின்று கைப்பேசியில் வழி பார்க்காதீர்கள், கடைக்குள் போய்ப் பாருங்கள். சைகோனின் பென் தான் சந்தைக்கு அருகே 19-ஆம் நூற்றாண்டில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே ஊதுபத்தி ஏற்றுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். ஒரு படம் எடுத்து அனுப்பினால் அம்மாவுக்குப் பாதிக் கவலை போய்விடும்.

இந்த வார இறுதியில் உங்கள் தோழியை நேரிலோ வீடியோவிலோ பிடித்து, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு, பைக்கை யார் ஓட்டுவது, தனியாக இருக்கும் நாள் எது என்ற மூன்றை மட்டும் பேசுங்கள். அதன்பிறகு விடுப்புத் தேதி, அதன்பிறகு டிக்கெட். பேச்சில் அவர் முகம் சுளித்தால் பரவாயில்லை. மா பி லெங் கணவாயில் சுளிப்பதைவிட இங்கே சுளிப்பது செலவு குறைவு.

நீங்கள் துணித் தொழிலில் இருப்பவர் என்பதால் ஒன்று. ஹோய் ஆன் தையல்காரர்களுக்குப் பெயர் போன ஊர். ஒரே நாளில் தைத்துத் தருகிறேன் என்பார்கள், தருவார்கள், ஆனால் தோள்பட்டை சரியாக உட்காராது. துணியை முதல் நாளே கொடுத்துவிட்டு, இரண்டு முறை போட்டுப் பார்த்துத் திருத்தச் சொல்லி, நான்காம் நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.